ஜிம்மி ஹோகன் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

1953-ல ஹங்கேரி டீம் லண்டன் வெம்ப்ளிக்குப் போயி இங்கிலாந்தை 6-3-னு பொளந்து கட்டுன கதை ஃபுட்பால் பார்க்குற பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பேச்சு எடுத்தா ஒரு இங்கிலீஷ்காரர் பேரும் கூடவே வரும், ஜிம்மி ஹோகன். உடனே யாரு அவரு, என்ன பண்ணாரு, ஏன் அவரை துரோகினு சொன்னாங்கனு கேள்வி மேல கேள்வி. தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன்.

யாருங்க இந்த ஜிம்மி ஹோகன்? சுருக்கமா சொல்லுங்க.

1882 அக்டோபர் 16-ம் தேதி இங்கிலாந்துல லங்காஷயர்ல நெல்சன்னு ஒரு ஊர்ல பொறந்தவரு. அயர்லாந்து வழி வந்த கத்தோலிக்கக் குடும்பம். பக்கத்து ஊரான பர்ன்லில வளர்ந்தாரு. பர்ன்லி, ஃபுல்ஹம், போல்டன்னு சுமார் பத்து வருஷம் ஆடுனாரு, பிளேயரா பெரிய பேரு எல்லாம் இல்ல. கோச்சா ஆஸ்திரியா, ஹங்கேரி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனினு சுத்தி, அங்கெல்லாம் ஆட்டம் வளர்ந்ததுல பெரிய பங்கு வச்சிருக்காரு. 1974 ஜனவரி 30-ம் தேதி, 91 வயசுல, பர்ன்லிலயே இறந்துட்டாரு. வெளிநாட்டுக்காரன் கொண்டாடுன அளவுல பாதி கூட சொந்த ஊர்க்காரன் கொண்டாடல, கதையே அதுதான்.

பாதிரியாரா ஆக வேண்டியவராமே, உண்மையா?

அப்பாவுக்கு அந்த ஆசை இருந்துச்சு. மான்செஸ்டர்ல செயின்ட் பீட்ஸ் காலேஜ்ல சேர்த்தும் விட்டாரு. பையனுக்கு பந்துதான் சாமி. ஆனா அந்தப் பழக்கம் முழுசா போகல, கடைசி வரைக்கும் மனுஷன் பக்திமான்.

பிளேயரா எப்படி ஆடுவாரு?

இன்சைட் ஃபார்வர்ட். இன்னைக்குக் கணக்குல சொன்னா ஸ்டிரைக்கருக்குப் பக்கத்துல, கொஞ்சம் பின்னால ஆடுற ஆளு. கால்ல திறமை இருந்துச்சு, மூளை அதை விட நிறைய இருந்துச்சு.

பர்ன்லில ஆடுறப்ப நடந்த ஒரு சம்பவம்தான் அவரோட மொத்த வாழ்க்கைக்கும் சாவினு எனக்குத் தோணும். ஒரு மேட்ச்ல பந்தை நல்லா ஓட்டிட்டுப் போயி ஷாட் அடிக்கிறாரு, பந்து பாருக்கு மேல பறந்துடுச்சு. மேட்ச் முடிஞ்சதும் மேனேஜர் ஸ்பென் விட்டேக்கர்கிட்ட போயி, ஏன் மேல போச்சு, என் கால் வச்ச விதம் தப்பா, உடம்பு பேலன்ஸ் இல்லையானு கேக்குறாரு. மேனேஜர் சொன்னது என்னன்னா, அட அடிச்சுட்டே இருப்பா, பத்துல ஒண்ணு உள்ள போனா போதும். அவ்ளோதான் பதில். வேற ஆளா இருந்தா சரினு தலையாட்டிட்டுப் போயிருப்பான், இவரு போகல. அன்னையில இருந்து எதை எப்படிச் செய்யணும்னு தானே உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சாரு, தனியா பிராக்டிஸ் பண்ணாரு, ஆட்டத்தை பாடம் மாதிரி படிக்க ஆரம்பிச்சாரு.

அதென்ன, அந்தக் காலத்து இங்கிலாந்துல கோச்சிங்கே கிடையாதா?

இப்ப நாம நினைக்கிற அர்த்தத்துல கிடையாது. டிரெயினர்னு ஒருத்தர் இருப்பாரு, அவரு வேலை பசங்களை கிரவுண்ட சுத்தி ஓட விடுறது, அடிபட்டா தேய்ச்சு விடுறது. வாரம் பூரா பந்தையே கண்ணுல காட்ட மாட்டாங்க. காரணம் கேட்டா, அப்பத்தான் சனிக்கிழமை மேட்ச்ல பந்துக்கு வெறி வரும்னு சொல்லுவாங்க. பாட்டு வாத்தியார் கச்சேரி அன்னைக்குத் தொண்டை ஃப்ரெஷ்ஷா இருக்கணும்னு வாரம் பூரா சிஷ்யனை வாயே திறக்க விடாத மாதிரி. ஆனா இதை எல்லாரும் நம்புனாங்க, அதுவும் பல வருஷம்.

ஃபுல்ஹம்ல மட்டும் கொஞ்சம் வேற காத்து. அங்க மேனேஜர் ஹாரி பிராட்ஷா ஸ்காட்லாந்து பிளேயர்ஸை கூட்டிட்டு வந்து, பந்தை தரையில வச்சு பாஸ் பண்ணி ஆட விட்டாரு. ஹோகன் 1905-ல இருந்து 1908 வரைக்கும் அங்கதான். 1906, 1907 ரெண்டு வருஷமும் சதர்ன் லீக் சாம்பியன், 1908-ல இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம், அதான் எஃப்.ஏ., நடத்துற எஃப்.ஏ. கப்ல செமி வரைக்கும் போயி நியூகாசில்கிட்ட 6-0 வாங்குனாங்க. ஹோகன் பின்னாடி ஊர் ஊரா சொல்லிக் குடுத்த ஸ்காட்டிஷ் ஸ்டைலுக்கு அடித்தளம் இங்கதான் விழுந்துச்சு.

வெளிநாட்டுக்கு ஏன் போனாரு?

போல்டன் டீமோட ஹாலந்து டூர் போனப்ப டார்ட்ரெக்ட்னு ஒரு ஊர் டீமை 10-0-னு அடிச்சாங்க. மத்தவங்க சிரிச்சுட்டு வந்துட்டாங்க. இவரு மட்டும், ஒரு நாள் திரும்பி வந்து இந்தப் பசங்களுக்கு ஒழுங்கா ஆடச் சொல்லிக் குடுக்கணும்னு மனசுல போட்டுக்கிட்டாரு. அப்புறம் ஜேம்ஸ் ஹவ்கிராஃப்ட்னு ஒரு ரெஃபரி, இவருக்கு நல்ல பழக்கம், அதே டார்ட்ரெக்ட்ல கோச் தேடுறாங்கனு சொன்னாரு. 1910-ல கிளம்பிட்டாரு, வயசு முப்பது கூட ஆகல. அங்க பிளேயர்ஸ்ல பாதிக்கு மேல ஸ்டூடண்ட்ஸ், சொன்னா கேட்டுக்குற பசங்க. கரும்பலகையில வரைஞ்சு, ஏன் இந்த இடத்துல நிக்கணும், பாஸை ஏன் இந்தக் கோணத்துல குடுக்கணும்னு விளக்குவாரு. இங்கிலாந்து புரோகிட்ட கரும்பலகையைக் காட்டியிருந்தா சிரிச்சு வெளிய தள்ளியிருப்பாங்க.

ஹூகோ மைஸ்ல் யாரு, அவருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

மைஸ்ல் வியன்னாக்காரர். வசதியான யூதக் குடும்பம், பேங்க் வேலை, பல பாஷை தெரியும், ஆஸ்திரியா ஃபுட்பாலை தன் தோள்ல தூக்கி நிறுத்துன ஆளு. ஆஸ்திரியா ஹங்கேரிகூட 1-1 டிரா பண்ண ஒரு மேட்சுக்கு ரெஃபரி யாருன்னா, நம்ம ஹவ்கிராஃப்டேதான். மைஸ்லுக்கு அந்த ரிசல்ட்ல திருப்தி இல்ல, என்ன குறைனு அவர்கிட்ட கேட்டாரு. உங்களுக்கு ஒழுங்கான கோச் வேணும், ஹோகனை கூப்பிடுங்கனு அவரு சொல்ல, 1912-ல ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸுக்கு டீமை ரெடி பண்ண ஆறு வாரத்துக்கு ஹோகன் வியன்னா வந்தாரு.

முதல்ல செட் ஆகல. இவரு ரொம்ப அடிப்படையில இருந்து ஆரம்பிக்கிறாருனு பிளேயர்ஸ் முணுமுணுத்தாங்க. மைஸ்லுக்கு மட்டும் ஆளை பிடிச்சுப் போச்சு, ரெண்டு பேரும் ராத்திரி பூரா ஆட்டத்தைப் பத்தியே பேசுவாங்க. ஒலிம்பிக்ஸ்ல ஜெர்மனியை 5-1-னு அடிச்சாங்க, அடுத்த ரவுண்டுல ஹாலந்துகிட்ட 3-1-னு தோத்தாங்க. தோத்தாலும் மைஸ்ல் விடல, அடுத்த ஒலிம்பிக்ஸ் 1916-ல பெர்லின்ல, அதுக்கு நீங்கதான் ரெடி பண்ணணும்னு கூட்டிட்டு வந்துட்டாரு. அந்த ஒலிம்பிக்ஸ் நடக்கவே இல்ல, காரணம் தெரிஞ்சதுதான்.

முதல் உலகப் போர்ல ஜெயில்ல இருந்தாராமே?

ஆமா. 1914-ல பொண்டாட்டி புள்ளைங்களோட வியன்னாவுல இருக்காரு. போர் வரும் போல இருக்கே, கிளம்பட்டுமானு பிரிட்டிஷ் கான்சல்கிட்ட கேட்டா, இப்போதைக்கு ஒண்ணும் பயமில்லனு அனுப்பி வச்சுட்டாங்க. ரெண்டு நாள்ல எதிரி நாட்டு ஆளுனு போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. பொண்டாட்டி புள்ளைங்க 1915-ல எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாங்க. இவரை ஜெர்மனி முகாமுக்கு அனுப்புற நேரத்துல, வியன்னாவுல பெரிய கடை வச்சிருந்த பிளைத்னு ரெண்டு பிரிட்டிஷ் அண்ணன் தம்பி ஜாமீன் நின்னு வெளிய எடுத்தாங்க. அவங்க வீட்டுல பசங்களுக்கு டென்னிஸ் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு, ஃபுட்பால் கோச் டென்னிஸ் வாத்தியார் ஆன கதை.

அந்த முகாம்ல மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா, பெர்லின் பக்கத்துல ரூலேபென்னு ஒரு குதிரைப் பந்தய மைதானத்துல பிரிட்டிஷ்காரங்களை அடைச்சு வச்சிருந்தாங்க, அங்க ஸ்டீவ் ப்ளூமர், ஃப்ரெட் பென்ட்லண்ட் மாதிரி பெரிய பிளேயர்ஸ் நாலு வருஷம் கிடந்தாங்க. உள்ளயே லீக் நடத்தி ஆடுனாங்கங்குறது வேற விஷயம்.

அப்ப புடாபெஸ்ட் எப்படிப் போனாரு?

எம்.டி.கே.-னு புடாபெஸ்ட்ல ஒரு ஃபுட்பால் கிளப். அதுல வைஸ் பிரசிடென்ட்டா இருந்த பாரன் டிர்ஸ்டே கேம்பிரிட்ஜ்ல படிச்சவரு, இங்கிலாந்து ஆளுங்க மேல ஒரு பாசம். அவரு செல்வாக்கை வச்சுப் பேசி ஹோகனை புடாபெஸ்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. போலீஸ் ஸ்டேஷன்ல போயி கையெழுத்துப் போடணும், மத்தபடி ஆளு ஃப்ரீ. ஊர்ல போர் நடக்குது, எதிரி நாட்டுக்காரன் ஒருத்தன் தலைநகர்ல சாயங்காலமானா பசங்களுக்கு பந்து சொல்லிக் குடுத்துட்டு இருக்கான். சினிமால வச்சா லாஜிக் இல்லனு நாமளே திட்டுவோம்.

கிளப்ல பெரிய பிளேயர்ஸ் பாதிப் பேர் போருக்குப் போயிட்டாங்க. ஆள் இல்ல. அதனால பொடிப் பசங்களைத் தேட வேண்டியதாப் போச்சு. ஆங்கோல் பார்க்னு அந்த ஊர்ல ஒரு பார்க், அது வழியா போறப்ப ஒரு பந்தை உதைச்சுட்டு இருந்த ரெண்டு பசங்களைப் பார்த்து அப்படியே நின்னுட்டாரு. ஒருத்தன் ஜார்ஜ் ஓர்த், இன்னொருத்தன் யோசெஃப் ப்ரவுன். ரெண்டு பேரும் ஸ்கூல் படிக்கிற பசங்க, பதினஞ்சு வயசு இருக்கும். பார்த்த உடனேயே இவனுங்க என் பசங்கனு முடிவு பண்ணிட்டாராம். தினமும் ஸ்கூல் விட்டதும் நேரா கிரவுண்டு, பந்து, பந்து, பந்து. ஹோகனே பின்னாடி சொல்லியிருக்காரு, சின்ன வயசுலயே கைக்குக் கிடைச்சதுதான் ஹங்கேரிப் பசங்களோட பெரிய பிளஸ்னு.

எம்.டி.கே. அப்படி என்ன சாதிச்சாங்க?

1913-14-ல ஒரு டைட்டில், அப்புறம் போரால ரெண்டு சீசன் லீக் இல்ல, திரும்ப 1916-17-ல ஆரம்பிச்சு 1924-25 வரைக்கும் ஒரு வருஷம் விடாம சாம்பியன். நடந்து முடிஞ்ச லீக்கை எண்ணுனா வரிசையா பத்து. ஹோகன் போர் முடிஞ்சதும் ஊருக்குப் போயிட்டாரு, ஆனா போட்டுக் குடுத்த பாதை ஓடிட்டே இருந்துச்சு. இதுல எல்லா கிரெடிட்டையும் இவருக்கே குடுக்குறதும் தப்பு. இவருக்கு முன்னாடியே ஜாக்கி ராபர்ட்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், செல்சியோட முதல் மேனேஜர், எம்.டி.கே.-ல வந்து பாஸிங் ஆட்டத்தை விதைச்சிருந்தாரு. பணம் போட்டது, கிளப்பை வளர்த்தது பிரசிடென்ட் அல்ஃப்ரெட் ப்ரூல்.

அந்தக் கிளப் யூதர்கள் நிறைய இருந்த கிளப்ங்குறதை மறந்துடக் கூடாது. ப்ரூலை 1944-ல நாஜிகளோட ஆஷ்விட்ஸ் முகாம்ல கொன்னாங்க. பார்க்ல கண்டுபிடிச்ச அந்த ப்ரவுன் பையன் பெரிய விங்கரா வளர்ந்து ஹங்கேரிக்கு ஆடி, 1943-ல கட்டாய வேலைப் படையில கிழக்கு முனைக்கு அனுப்பப்பட்டு அங்கயே செத்துப் போனாரு. ஹோகன் கதையை ஜாலியா சொல்றவங்க இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடுவாங்க.

காக்கி சாக்ஸ் மேட்டர் என்ன?

இதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. போர் முடிஞ்சு இங்கிலாந்து திரும்புறாரு, கையில காசு இல்ல, நாலு வருஷ வருமானம் போச்சு. போரால நஷ்டப்பட்ட ஃபுட்பால் ஆளுங்களுக்கு எஃப்.ஏ. ஒரு ஃபண்ட் வச்சிருக்கு, போனா 200 பவுண்டு கிடைக்கும்னு யாரோ சொன்னாங்க. டிரெயின் செலவுக்கு அஞ்சு பவுண்டு கடன் வாங்கிட்டு லண்டன் போனாரு. எஃப்.ஏ. செக்ரட்டரி ஃப்ரெடெரிக் வால் மூணு ஜோடி காக்கி சாக்ஸை எடுத்துக் குடுத்து, போர் முனையில இருந்த பசங்க இதை வாங்கி ரொம்ப சந்தோஷப்பட்டாங்கனு சொன்னாரு.

புரியுதுல்ல, குத்து எங்கனு? நாடு போராடுறப்ப நீ எதிரி ஊர்ல பந்து சொல்லிக் குடுத்துட்டு இருந்தியேனு அர்த்தம். மனுஷன் அங்க கைதி, விரும்பிப் போயி உக்காரல. வால் பக்கம் நியாயம் பேசணும்னா, லட்சக்கணக்குல பசங்க செத்த நேரம், எல்லார் மனசும் கொதிச்சுட்டு இருந்துச்சு, அதை வேணா சொல்லலாம். ஆனா கடன் வாங்கி டிரெயின் ஏறி வந்தவன் கையில சாக்ஸைத் திணிக்கிறது வேற லெவல் கொழுப்புனுதான் நான் சொல்லுவேன். ஹோகன் கடைசி வரைக்கும் இதை மறக்கல, மன்னிக்கவும் இல்ல.

அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு?

லிவர்பூல்ல ஒரு புகையிலைக் கம்பெனியில, சரக்கு அனுப்புற பிரிவுல ஃபோர்மேன் வேலை. கொஞ்ச நாள் முன்னாடிதான் ஹங்கேரி சாம்பியன் டீமை உருவாக்குன ஆளு. திரும்ப வெளிநாடுதான் கூப்பிட்டுச்சு. சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்து யங் பாய்ஸ் கிளப், அப்புறம் 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு சுவிஸ் டீமை தயார் பண்ண மூணு கோச்சுல இவரும் ஒருத்தர், கூட இருந்தவங்க டெடி டக்வொர்த், டோரி குர்ஷ்னர். அந்த டீம் ஃபைனல் வரைக்கும் போயி உருகுவேகிட்ட 3-0 தோத்து சில்வர் எடுத்துச்சு. அதுக்கப்புறம் புடாபெஸ்ட், ஜெர்மனி, பாரிஸ்னு பெட்டியைத் தூக்கிட்டே இருந்தாரு.

ஜெர்மனில வெறுங்காலோட ஷாட் அடிச்சாராமே, அது கட்டுக்கதையா?

அவரே சொன்ன கதை, கொஞ்சம் மசாலா இருக்கலாம், ஆனா நான் நம்புறேன். டிரெஸ்டன்ல ஒரு பெரிய கூட்டத்துல லெக்சர். இவருக்கு ஜெர்மன் அரைகுறை, குறிப்பைப் பார்க்காம பேசுறேன்னு ஆரம்பிச்சு வார்த்தையை மாத்தி மாத்தி உளற, கூட்டம் சிரிக்க ஆரம்பிச்சுடுச்சு. சரி பத்து நிமிஷம் இடைவேளைனு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

திரும்பி வந்தப்ப போட்டிருந்தது போல்டன் வாண்டரர்ஸ் ஜெர்சி. மேடையிலயே பூட்ஸைக் கழட்டுனாரு, சாக்ஸையும் கழட்டுனாரு. ஜெர்மனில முக்கால்வாசிப் பேருக்கு பந்தை ஒழுங்கா உதைக்கத் தெரியலனு சொல்லிட்டு, பதினஞ்சு கஜம் தள்ளி இருந்த மரப்பலகையை வெறுங்காலால குறி வச்சு வலது கால்ல ஒண்ணு. பந்து திரும்பி வர, இடது கால்ல இன்னொண்ணு. பலகை ரெண்டாப் பொளந்துடுச்சு. சிரிச்ச கூட்டம் அப்புறம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. நாப்பத்தஞ்சு வயசை ஒட்டுன ஆளு, அதுவும் தோல் பந்து கல்லு மாதிரி இருந்த காலம்!

டிரெஸ்டன்ல இவரு வேலை பார்த்த கிளப்ல இவர்கிட்ட கத்துக்கிட்டவங்கள்ல ஒருத்தர் ஹெல்முட் ஷோன். 1974-ல கோச்சா மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கிக் குடுத்த அதே ஷோன்.

சரி, உண்மையில என்னதான் சொல்லிக் குடுத்தாரு? ஷார்ட் பாஸ் மட்டும்தானா?

இல்ல, இது நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்குற இடம். குட்டிக் குட்டி பாஸ் மட்டும் ஆடுன்னு அவரு சொல்லல. நீளமா அடி, தப்பில்ல, ஆனா யாருக்கு அடிக்கிறனு தெரிஞ்சு அடி, அவ்வளவுதான். கண்ணை மூடிட்டு முன்னாடி தூக்கிப் போடுறதுதான் அவருக்கு ஆகாது. பந்து முடிஞ்ச வரை தரையில, பாஸ் குடுத்தவன் சும்மா நிக்காம அடுத்த இடத்துக்கு நகரணும், பந்து காலுக்கு வந்த உடனே அது செத்த பந்து மாதிரி அடங்கணும்.

டிரெயினிங்ல தினமும் பந்து உண்டு, எல்லார் காலுலயும். வயசான காலத்துல ஆஸ்டன் வில்லா ஜூனியர் பசங்களுக்கு சொல்லிக் குடுத்தப்ப, ஸ்டேடியம் பின்னாடி கார் பார்க்குல வச்சு வலது காலோட உள்பக்கம், வெளிப்பக்கம், திரும்ப உள்பக்கம், திரும்பு, இப்ப இடது கால் உள்பக்கம், வெளிப்பக்கம்னு ஓட்டிட்டே வரச் சொல்லுவாராம். பின்னாடி பெரிய மேனேஜரா ஆன ரான் அட்கின்சன் அந்தப் பசங்கள்ல ஒருத்தர், அவரு சொன்ன விவரம் இது. நம்ம ஊர் அகாடமிகள்ல கூம்பு வச்சு இன்னைக்கு ஓட விடுறாங்களே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான். எதுக்கு இதெல்லாம்னா, மேட்ச்ல பந்து வந்தா பயம் வரக் கூடாது.

ஆஸ்திரியாவோட வுண்டர்டீம்ல இவரு பங்கு எவ்வளவு?

வுண்டர்டீம்னா அதிசய டீம், 1930-கள் தொடக்கத்துல கலக்குன ஆஸ்திரியா டீமுக்கு வச்ச பேரு. அந்த டீம் மைஸ்லோட டீம், அதுல சந்தேகமே வேணாம். ஸ்டார் ஃபார்வர்ட் ஸின்டெலாரை நடுவுல வச்சு 1931-ல ஸ்காட்லாந்தை 5-0, ஜெர்மனியை 6-0, 5-0, 1932-ல ஹங்கேரியை 8-2-னு அடிச்ச டீம். 1932 டிசம்பர் 7-ம் தேதி லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ்ல இங்கிலாந்துகூட மேட்ச், அதுக்குத் தயார் பண்ண மைஸ்ல் ஹோகனை கூப்பிட்டாரு. 4-3-னு தோத்தாங்க, ஆனா ஆட்டம் பார்த்தவங்க அசந்துட்டாங்க.

1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல ஆஸ்திரியாவோட அமெச்சூர் டீமுக்கும் ஹோகன்தான் கோச். குவார்ட்டர்ல பெருகிட்ட 4-2 தோத்தாங்க, ஆடியன்ஸ் கிரவுண்டுக்குள்ள புகுந்துட்டாங்கனு ரிசல்ட்டை கேன்சல் பண்ணி ரீமேட்ச் வச்சாங்க, பெரு வரவே மாட்டோம்னு ஊருக்குக் கிளம்பிடுச்சு. அப்படி உள்ள போயி ஃபைனல்ல இத்தாலிகிட்ட 2-1 தோத்து சில்வர். அந்த சில்வரைப் பெருமையா சொல்றதா வேணாமானு எனக்கு இன்னும் முடிவு பண்ண முடியல.

இங்கிலாந்துல இவருக்கு சான்ஸே குடுக்கலையா?

குடுத்தாங்க, குடுத்த விதத்தைக் கேளுங்க. 1934-ல ஃபுல்ஹம் மேனேஜர் ஆனாரு. அனுபவப்பட்ட புரோ பிளேயர்ஸுக்கு எதுக்கு கோச்சிங்னு டிரெஸ்ஸிங் ரூம்லயும் முணுமுணுப்பு, டைரக்டர்ஸும் அதே பாட்டு. 31 மேட்ச்தான். குடல்வால் ஆபரேஷன் பண்ணிட்டு ஆஸ்பத்திரில படுத்திருக்கிறப்ப வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.

ஆஸ்டன் வில்லா கொஞ்சம் பரவால்ல. 1936-ல அந்தக் கிளப் வரலாற்றுலயே முதல் தடவையா செகண்ட் டிவிஷனுக்கு இறங்கியிருந்துச்சு. சேர்மன் ஃப்ரெட் நார்மன்செல், தியரி எல்லாம் எனக்கு வேணாம், பந்தை வலைக்குள்ள போடு போதும்னு சொல்ற டைப். அப்படியிருந்தும் 1937-38-ல செகண்ட் டிவிஷன் சாம்பியனா மேல வந்தாங்க, அதே வருஷம் எஃப்.ஏ. கப் செமியும் ஆடுனாங்க. அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட் டிவிஷன்ல நிலைச்சும் நின்னாங்க, உடனே 1939-ல ரெண்டாவது போர் வந்து எல்லாம் நின்னு போச்சு. இங்கிலாந்துல இவரு முறை வேலைக்கு ஆகாதுனு சொல்றவங்க இந்த வில்லா சீசனை மட்டும் சொல்ல மாட்டாங்க.

போருக்கு அப்புறம் ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்ல கொஞ்ச நாள் கோச். அங்க சார்லி டல்லி மாதிரி சீனியருங்க இந்தக் கிழவர் என்ன சொல்லித் தர்றாருனு கிண்டல் பண்ணாங்க, சின்னப் பையனா இருந்த டாமி டோச்சர்ட்டி வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டாரு, பின்னாடி மேனேஜர் ஆனப்புறமும் ஹோகனைத் தலையில வச்சுக் கொண்டாடுனாரு.

1953 வெம்ப்ளி மேட்ச் அன்னைக்கு இவரு எங்க இருந்தாரு?

கிரவுண்ட்லயே. எழுபத்தொரு வயசு, ஆஸ்டன் வில்லா ஜூனியர் பசங்களைக் கூட்டிட்டு வந்து கேலரியில உக்காந்திருந்தாரு. நவம்பர் 25-ம் தேதி. முதல் நிமிஷத்துலயே ஹங்கேரியோட சென்டர் ஃபார்வர்ட் ஹிதெக்குட்டி கோல் அடிச்சாரு, மொத்தம் அவருக்கு மூணு கோல். ஐரோப்பாக் கண்டத்து டீம்கிட்ட இங்கிலாந்து சொந்த மண்ணுல தோத்தது அதுதான் முதல் தடவை. மேட்ச் முடிஞ்சதும் ஹங்கேரி ஃபுட்பால் சங்கத் தலைவர் ஷாண்டோர் பார்ச், எங்களுக்குத் தெரிஞ்ச ஃபுட்பால் எல்லாம் ஹோகன் சொல்லிக் குடுத்ததுன்னாரு. கோச் குஸ்டாவ் செபெஷ், எங்க ஃபுட்பால் வரலாற்றுல அவரு பேரைத் தங்க எழுத்துல எழுதணும்னாரு.

மரியாதைக்குச் சொன்னது கொஞ்சம் இருக்கும், அதையும் ஒத்துக்கணும். ஹங்கேரி ஜெயிச்சது 1953-ல, இவரு அங்க கடைசியா வேலை பார்த்தது 1927 வாக்குல. நடுவுல அவங்களே யோசிச்சு உருவாக்குனது எவ்வளவோ. ஹிதெக்குட்டியைப் பின்னால இழுத்து ஆட விட்ட ஐடியாவே எம்.டி.கே. கோச் மார்ட்டோன் புக்கோவியோடது. ஆனா பாருங்க, ஹிதெக்குட்டி, லான்டோஷ், ஸக்காரியாஷ் மூணு பேரும் எம்.டி.கே. ஆளுங்க. நூல் அறுந்துடல.

அதனாலதான் துரோகினு சொன்னாங்களா?

அந்தப் பேச்சு காக்கி சாக்ஸ் காலத்துலயே இருந்துச்சு, 1953-க்கு அப்புறம் இன்னும் ஜாஸ்தி ஆச்சு, நம்ம வித்தையை எதிரிக்கு வித்துட்டான்னு. இதுல சிரிப்பு என்னன்னா, அதே வித்தையை அவரு சொந்த ஊருக்கும்தான் கொண்டு வந்தாரு. ஃபுல்ஹம்ல குடுத்தாரு, வேணாம்னுட்டாங்க. வேணாம்னு சொன்ன பொருளை வேற ஒருத்தன் வாங்கிட்டுப் போனா அது எப்படித் துரோகம்?

அவரு இறந்தப்ப ஜெர்மன் ஃபுட்பால் சங்கத்தோட செக்ரட்டரி ஹன்ஸ் பாஸ்லாக், மகன் ஃப்ராங்குக்கு லெட்டர் போட்டு, ஜெர்மனில நவீன ஃபுட்பாலுக்கு அஸ்திவாரம் போட்டவரு உங்க அப்பானு எழுதுனாரு.

அந்த பார்க் பையன் ஓர்த் என்ன ஆனாரு?

இதை யாரும் கேக்கல, நானே சேர்த்துக்குறேன், ஏன்னா எனக்குப் பிடிச்ச பகுதி. ஹங்கேரியோட பெரிய ஸ்டார் ஆனாரு, எந்த பொசிஷன்ல போட்டாலும் ஆடுவாரு. 1925-ல முழங்கால் போச்சு, கேரியர் பாதியிலயே மங்கிடுச்சு. கோச்சா கிளம்புனாரு, குருநாதர் மாதிரியே ஊர் ஊரா. 1930-ல நடந்த முதல் உலகக் கோப்பையில சிலி டீமுக்கு கோச் இவர்தான். 1959 மே மாசம் லிமாவுல பெரு, இங்கிலாந்தை 4-1-னு அடிச்சுச்சு, அன்னைக்கு பெரு கோச் யாருன்னா ஜார்ஜ் ஓர்த். அதே மாதிரி சுவிஸ் டீம்ல ஹோகன்கூட வேலை பார்த்த டோரி குர்ஷ்னர் 1937-ல பிரேசில் போயி ஃப்ளமெங்கோவுக்கு கோச் ஆனாரு.

இவரை மாதிரி வேற இங்கிலீஷ் கோச்சுங்க இருக்காங்களா? யாரைப் பத்திப் படிக்கலாம்?

நிறைய இருக்காங்க. வில்லியம் கார்பட், ஜெனோவாவுக்கு 1915, 1923, 1924 டைட்டில்னு இத்தாலில கோச்சிங்னா என்னனு காட்டுனவரு. ஜாக் கிரீன்வெல், பார்சிலோனாவுல ஆடி அங்கயே கோச் ஆகி, 1939-ல பெருவுக்கு தென் அமெரிக்க சாம்பியன் பட்டம் வாங்கிக் குடுத்தாரு. முதல்ல ஒருத்தரை எடுக்கணும்னா மேல சொன்ன ரூலேபென் முகாம் ஆளு ஃப்ரெட் பென்ட்லண்டை எடுங்க. முகாம்ல இருந்து வெளிய வந்து ஸ்பெயின் போயி, அத்லெடிக் பில்பாவோவுக்கு 1930, 1931 ரெண்டு லீக், பார்சிலோனாவை 12-1-னு அடிச்ச மேட்ச் வேற. எப்பவும் ஒரு வட்டத் தொப்பி போட்டிருப்பாரு, டீம் பெருசா ஜெயிச்சா பசங்க அதைப் புடுங்கி மேல ஏறி மிதிச்சு நாசம் பண்ணிடுவாங்க, தொப்பிக்கே மனுஷன் நிறைய செலவு பண்ணியிருப்பாரு.